மலை வீட்டு வைஃபையில் டவுன்லோடு ஊர்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் கேட்கிற கேள்வியையேதான் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் கேட்கிறார்கள். கூடலூர்க்காரர்கள் அதோடு கொஞ்சம் மழையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நீலகிரி வீடுகளில் ஃபைபர் வந்த பிறகும் ஓயாத சந்தேகங்களை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் 2-ம் கேள்வியைச் செய்து பார்க்காமல் மற்றவற்றுக்குப் போகாதீர்கள். அதைத் தவிர்த்துவிட்டுப் புது ரூட்டர் வாங்கினால் காசுதான் கரையும்.

1. 100 எம்பி பிளான் போட்டிருக்கேன். டவுன்லோடு பண்ணா 11, 12-க்கு மேல போகவே மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?

இல்லை, உங்களுக்கு முழு வேகமும் வந்துகொண்டிருக்கிறது. திட்டத்தில் எழுதியிருக்கும் 100 மெகாபிட் கணக்கு. பிரவுசர் காட்டும் 11 மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. டேட்டா சின்னச் சின்னத் துண்டாக, பாக்கெட்டாக வருகிறது; ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒட்டுகிற முகவரி, சரிபார்ப்பு எண் எல்லாம் கழிந்து கைக்கு 11.5 வாக்கில் கிடைக்கும்.

இந்தப் பக்கத்தில் இணைப்பின் வேகத்தை மெகாபிட் என்றும் ஃபைல் இறங்கும் வேகத்தை மெகாபைட் என்றும் எழுதுகிறோம். இரண்டும் நொடிக்கு. 11.5 மெகாபைட்டில் 2 ஜிபி ஃபைல் மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். அதற்கு 22 நிமிடம் ஆகிறதென்றால் உங்களுக்குக் கிடைப்பது 1.5 மெகாபைட், அதாவது 12 மெகாபிட்தான். மீதி 88 எங்கே ஒழுகுகிறது என்று இனித் தேடலாம்.

2. நெட் ஸ்லோவா, வைஃபை ஸ்லோவா? எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

ஒரு லேன் கேபிளை வைத்து. ரூட்டரில் லேன் என்று போட்டிருக்கும் துளையில் ஒரு முனை, லேப்டாப்பில் மறு முனை. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். அந்த ஐந்து நிமிடம் மட்டும் டிவியும் மற்ற போன்களும் வைஃபையை விட்டு விலகியிருக்கட்டும். கம்பியில் 95, கட்டிலில் உட்கார்ந்தால் 12 என்றால் குறை வீட்டுக்குள். கம்பியிலேயே 12 என்றால் குறை வெளியே. ரூட்டரை எங்கே தூக்கி வைத்தாலும் ஒன்றும் ஆகாது, நேரே 11, 12, 16-ம் கேள்விகளுக்குப் போய்விடுங்கள்.

லேப்டாப்பில் லேன் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி அடாப்டர் போடலாம். கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் பல 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். லேப்டாப்பே இல்லையென்றால் ரூட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (பெயரில் 5ஜி என்று இருப்பது, 6-ம் கேள்வி) போனை வைத்து அளக்கலாம். கம்பியில், ரூட்டர் பக்கத்தில், வழக்கமாக உட்காரும் இடத்தில் என மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீழே வருகிற பல பதில்களுக்கு அந்தத் தாள் தேவைப்படும்.

3. ஸ்பீட் டெஸ்ட்ல 90 காட்டுது சார். ஃபைலு மட்டும் ஊருது. டெஸ்ட்டே பொய்யா?

டெஸ்ட் பொய் இல்லை, அது வேறொன்றை அளக்கிறது. கோவையிலோ சென்னையிலோ இருக்கும் பக்கத்து சர்வரைத் தேடிப் பிடித்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து இழுத்துக் காட்டுகிறது. உங்கள் ஃபைலோ கடல் தாண்டிய ஒரு சர்வரிலிருந்து ஒற்றை இணைப்பில் வரலாம். பல இலவச ஃபைல் தளங்கள் காசு கட்டாதவர்களுக்கு வேகத்தை வேண்டுமென்றே கட்டிப் போடுகின்றன. அங்கே உங்கள் ரூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

பிரித்தறிவது சுலபம். அந்த டவுன்லோடு ஓடும்போதே வேறு பெரிய தளத்திலிருந்து இன்னொரு ஃபைலைத் தொடங்குங்கள். இரண்டாவது 8 மெகாபைட்டில் பாய்ந்தால் முதல் சர்வர்தான் சோம்பேறி. டவுன்லோடு மேனேஜர் மென்பொருள் ஒரே ஃபைலை எட்டுத் துண்டாக வெட்டி எட்டு இணைப்பில் இழுக்கும். ஒரு இணைப்புக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கும் தளங்களில் இது பலன் தரும். ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் தளத்தில் எடுபடாது. டோரண்ட் என்றால் கொடுப்பவர் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். இரண்டே பேர் இருந்தால் வேகமும் அவர்கள் வீட்டு அப்லோடு அளவுக்குத்தான்.

4. மூடுபனி இறங்குனாலே நெட் படுத்துக்குது. மலையில இருந்தா இப்படித்தானா?

பனியின் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம். வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை பனி நிரபராதி. வைஃபை பேசுவது இரண்டு அலைவரிசையில். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 12. மூடுபனித் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அவ்வளவு பெரிய அலைக்கு இந்தத் துளி கண்ணில்கூடப் படாது. போதாததற்கு உங்கள் ரூட்டரும் போனும் பனிக்குள் இல்லை, கூரைக்குள் இருக்கின்றன.

ஆனால் வேகம் குறைவது கற்பனையும் இல்லை. பனியும் மழையும் இறங்கினால் தெருவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள். கம்பத்தில் ஃபைபர் பிரியும் பெட்டியின் மூடி சரியாக இல்லையென்றால் ஈரம் இணைப்பியில் இறங்குகிறது. காற்றுக்குக் கற்பூர மரக் கிளை ஒடிந்து வயரை அழுத்துகிறது. டவரிலிருந்து சிக்னல் வாங்கும் ஏர்ஃபைபர் வீடுகளில் நடுவே நிற்கும் மரங்களின் நனைந்த இலை சிக்னலைக் குடிக்கிறது. அங்கே மழையில் குறைவது உண்மையான குறை. ஆகவே பனி நாளில் 2-ம் கேள்வியின் கம்பிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கம்பி எண்ணும் சேர்ந்து விழுந்தால் 16-ம் கேள்வி. கம்பி எண் அப்படியே இருந்தால் அடுத்த நான்கு கேள்விகள்.

5. வெள்ளைக்காரன் காலத்து பங்களா, செவுரே ரெண்டடி. ஹால்ல பறக்குது, பெட்ரூம்ல செத்துப்போகுது.

கருங்கல் சுவர்தான் காரணம், அதற்கு மருந்து ரூட்டரின் விலையில் இல்லை. இரண்டடிக் கல்லைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸில் சொல்லும்படியாக ஒன்றும் மிஞ்சாது. 2.4 ஒரு சுவரைத் தாண்டும், இரண்டாவதில் விழும். பழைய வீடுகளில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கணப்படுப்பும் புகைபோக்கியும் வேறு நிற்கும்; அது சுவர்களிலேயே தடித்த சுவர். தகர ஷீட், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர் டேங்க் இவையும் தடுக்கும். மரக் கதவும் பிளைவுட் தடுப்பும் பெரிதாகத் தடுக்காது. அதனால் சிக்னல் சுவர் வழியாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், கதவு வழியாக வரவழையுங்கள். எல்லா அறைக் கதவுகளும் திறக்கிற நடைபாதையின் நடுவில், ஐந்தாறு அடி உயரத்தில் அலமாரி மேல் ரூட்டர் இருக்க வேண்டும்.

நடப்பது என்ன? வயர் இழுக்க வந்தவர் எந்த ஜன்னல் வழியாக நுழைத்தாரோ அந்த ஜன்னல் சட்டத்திலேயே ஃபைபர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். பாதி சிக்னல் தேயிலைச் செடிக்குப் போகிறது. புது இணைப்பு என்றால் உள்ளே 15 மீட்டர் வயரை விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாட்டியாயிற்று என்றால் இரண்டு வழி. ஒன்று, பெட்டி ஜன்னலிலேயே இருக்கட்டும், அதிலிருந்து கேட் 6 லேன் கேபிள் இழுத்து நடைபாதையில் தனி ரூட்டர் வையுங்கள். இன்னொன்று, பச்சை முனை போட்ட ஃபைபர் பேட்ச் கார்டும் ஒரு இணைப்பானும் வாங்கி வயரை நீட்டுவது. வயரை டீ கிளாஸின் வாயைவிடச் சின்ன வட்டமாக வளைக்காதீர்கள். மூலையில் மடக்கி ஆணி அடித்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடும்.

இடம் மாற்றும்போது கண்ணால் கோடுகளை எண்ணாமல் வைஃபை அனலைசர் ஆப்பில் சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை பெரிய ஃபைல் இறக்கலாம், மைனஸ் 75-க்குக் கீழே போனால் வாட்ஸ்அப் செய்திக்கு மட்டும் ஆகும். ரூட்டரை ஒன்றரை அடி நகர்த்தினாலே ஐந்து, பத்து எண் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

6. ஒரே ரூட்டர்ல ரெண்டு வைஃபை பேர் காட்டுது. 5ஜி-ன்னு இருக்கறது மொபைல் 5ஜி-யா? எதுல போடணும்?

அந்த 5ஜி-க்கும் மொபைல் 5ஜி-க்கும் சம்பந்தம் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் என்பதைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். நடுவில் கல் சுவர் இல்லாத இடமெல்லாம் 5. சுவருக்கு அப்பால் 2.4. வைஃபை 6 இல்லாத, இரண்டு ஆன்டெனா உள்ள போன் 2.4-ல் ரூட்டரோடு அதிகபட்சம் 144 மெகாபிட்டில் கை குலுக்கும், உண்மையில் ஃபைலுக்குக் கிடைப்பது அதில் பாதி. அதே போன் 5-ல் 867-க்குக் கை குலுக்கும். அங்கேயும் பாதி என்று வைத்தால்கூட உங்கள் திட்டத்தைவிட அதிகம்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் தானாகத் தேர்ந்தெடுக்கும். சில போன்கள் ஒருமுறை 2.4-ஐப் பிடித்தால் ரூட்டர் பக்கத்தில் வந்து நின்றாலும் விடாது. பெரிய டவுன்லோடு முக்கியம் என்றால் பெயரைப் பிரித்து வைப்பதே நல்லது.

7. எங்க ஹட்டியில வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. ஆப்ல பாத்தா இருபது வைஃபை தெரியுது. அதனால ஸ்லோ ஆகுமா?

2.4-ல் ஆகும். அதில் ரூட்டர்கள் பேசும் பாதைகளான சேனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றே. வரிசை வீடுகளில் இருபது ரூட்டர் அந்த மூன்றைப் பங்கு போட வேண்டும். ஒரே சேனலில் இருப்பவை வரிசையில் நின்று முறை வைத்துப் பேசிக்கொள்ளும். இதில் புத்திசாலித்தனமாகச் சிலர் 3, 8 என்று காலி எண்ணைப் போடுகிறார்கள், அதுதான் கெடுதல். 3-ல் இருப்பவர் 1-க்கும் 6-க்கும் நடுவில் நின்று இரு பக்கமும் இரைச்சல் போடுகிறார், அவர் பேச்சு யாருக்கும் புரியாது, யார் பேச்சும் அவருக்குப் புரியாது.

செய்ய வேண்டியது: ரூட்டர் செட்டிங்ஸில் 2.4-க்கு அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள், 40 வேண்டாம். ஆப்பில் பார்த்து 1, 6, 11-ல் பலமான அக்கம்பக்கத்து சிக்னல் குறைவாக உள்ளதைப் போடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 36 அல்லது 149, அகலம் 80. கல் சுவர் இங்கே உதவியும் செய்கிறது: பக்கத்து வீட்டு 5 உங்கள் வீட்டுக்குள் வராது. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பங்கு போடுபவை. அவற்றைப் போட்டால் ரூட்டர் ஆன் ஆனதும் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் 5-ஐக் காட்டும்.

8. ரிப்பீட்டர் வாங்கி பெட்ரூம்ல மாட்டினேன். ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா டவுன்லோடு முன்னவிட மோசம். எப்படி?

அந்த முழுக் கோடு ரிப்பீட்டருக்கும் போனுக்கும் நடுவில் உள்ள சிக்னல். ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் என்ன நிலைமை என்று அது சொல்வதில்லை. சிக்னல் செத்த அறையில் மாட்டினால் ரிப்பீட்டருக்கே சாப்பாடு இல்லை. இல்லாததை அது பலமாக எடுத்துச் சொல்கிறது. மாட்ட வேண்டிய இடம் பாதி வழி: 5-ம் கேள்வியில் சொன்ன எண் மைனஸ் 60, 65 காட்டும் இடம், அறைக் கதவுக்கு நேர் எதிர்.

சரியான இடத்தில் மாட்டினாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இருமுறை போகிறது. ரூட்டரிடம் 5-ல் வாங்கி அறைக்கு 2.4-ல் கொடுக்கும் இரட்டை அலைவரிசை வகை பரவாயில்லை. மெஷ் என்று மூன்று பெட்டியாக விற்பதும் இதே வேலைதான், கொஞ்சம் நாகரிகமாகச் செய்யும். இரண்டடிக் கல்லை அதுவும் துளைக்காது. எங்கள் கணிப்பில், தடித்த சுவர் வீட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷ்ஷையும் 20 மீட்டர் கேட் 6 கேபிளும் ஒரு சாதாரண இரட்டை அலைவரிசை ரூட்டரும் தோற்கடிக்கும். இரண்டாவது ரூட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட் மோடில் (வைஃபையை மட்டும் பரப்பும் நிலையில்) போட மறக்காதீர்கள்.

9. கீழ காட்டேஜ் ஒண்ணு இருக்கு, நாற்பது மீட்டர். லேன் கேபிள் இழுத்துடலாமா?

தூரம் பிரச்சினை இல்லை, லேன் 100 மீட்டர் வரை போகும். இடிதான் பிரச்சினை. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் சரிவில் இடி விழுந்தால், இரண்டு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கம்பி வழியாக இரண்டு பக்கப் பெட்டிகளும் போகும். நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்து மரத்தில் விழுந்தாலே போதும்.

கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். முனை போட்டே விற்கும் 50 மீட்டர் சிங்கிள் மோட் வயர் ஒன்று, லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேனாகவும் மாற்றும் கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி. ஒற்றை இழை வகை என்றால் ஏ ஒரு பக்கம், பி மறு பக்கம். இரண்டும் ஏ என்றால் விளக்கே எரியாது. வயரில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இரு முனையிலும் அதை வெட்டி, பெட்டிகளில் படாமல் வெளியிலேயே நிறுத்துங்கள். தரையில் போட்டால் பிவிசி குழாய்க்குள் போடுங்கள். எலியும் முள்ளம்பன்றியும் வயரை விட்டுவைப்பதில்லை.

10. 300 பிளானுக்கு மாத்திட்டேன். கம்பியிலயே 94-க்கு மேல ஏறல.

94 என்பது கையெழுத்து மாதிரி. அந்த எண்ணைப் பார்த்தால் நடுவில் எங்கோ 100 மெகாபிட் துளை இருக்கிறது. விலை குறைந்த ரூட்டர்களில் அட்டையில் 300 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது வைஃபை கணக்கு, பின்னாலுள்ள துளைகள் 100-தான்.

துளை கிகாபிட் என்று உறுதியானால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு உள்ளேயுள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தாலோ, ஓதம் ஏறிய சுவரோரம் முனையில் பச்சை பிடித்தாலோ, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் பெரும்பாலும் சரியாகும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்காதீர்கள்.

11. காலைல நல்லா இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஊருது. மாசக் கடைசியில இன்னும் மோசம்.

இரண்டும் வேறு வேறு நோய். இரவுக் குறை நெரிசல். உங்கள் ஃபைபர் தனி வயர் போலத் தெரிந்தாலும் கம்பத்துப் பெட்டியில் 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிகிறது. அத்தனை பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.5 கிகாபிட். அதைவிட, உங்கள் ஊர் நிறுவனம் மேலே கோவையிலிருந்து எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறது என்பதில்தான் நெரிசல் அதிகம். காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கம்பியில் அளந்து ஒரு வாரம் எழுதுங்கள். பெரிய ஃபைல்களை டவுன்லோடு மேனேஜரில் விடியற்காலை 2 மணிக்கு நேரம் குறித்துவிடுங்கள்.

மாதக் கடைசிக் குறை என்றால் டேட்டா வரம்பு. அன்லிமிடெட் என்று விற்றாலும் பல வீட்டுத் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி போன்ற வரம்பு உண்டு, சிறிய திட்டங்களில் இன்னும் குறைவு. தாண்டினால் சில மெகாபிட்டுக்கு இறக்கிவிடுவார்கள். பில் தேதி அன்று காலை வேகம் பளிச்சென்று திரும்பினால் இதுதான்.

12. எங்களுக்கு ஃபைபர் வரல, ஏர்ஃபைபர்தான். மே மாசம் சீசன் வந்தா சுத்தமா போச்சு.

உங்கள் வீடும் மலையேறி வந்த அத்தனை போன்களும் ஒரே டவரில் தொங்குகின்றன. மலர்க் கண்காட்சி வாரத்தில் ஊட்டி டவர்கள் திணறுவதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் பகல் நெரிசலில் டவுன்லோடுக்கு ஏற்ற நேரம் விடியற்காலைதான்.

சீசன் இல்லாத நாளிலும் குறைவாக இருந்தால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டு எண் பாருங்கள்: ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே என்பது). முதலாவது மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மோசம். இரண்டாவது 20 நல்லது, பூஜ்யத்தை நெருங்கினால் இரைச்சல். வெளி யூனிட்டை டவர் தெரியும் பக்கம் ஐந்து டிகிரி ஐந்து டிகிரியாகத் திருப்பி, இரண்டாவது எண் உயரும் இடத்தில் இறுக்குங்கள். நிறுவிய அன்று தெரிந்த டவரை இரண்டு வருடத்தில் சில்வர் ஓக் வளர்ந்து மறைத்திருக்கும். கிளை கழித்தாலே போதும். தகரக் கூரைக்கு அடியில் உள்ளே வைக்கும் ரகத்தை ஜன்னல் கண்ணாடிக்கு மாற்றுங்கள்.

13. போன்ல 90 வருது, அதே எடத்துல லேப்டாப்ல 20. லேப்டாப் ரிப்பேரா?

லேப்டாப்பின் வைஃபை கார்டு பழையதாக இருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, பிராப்பர்ட்டீஸ் போய் லிங்க் ஸ்பீடு பாருங்கள்; மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தொட்டால் தெரியும். 72 என்றால் ஒற்றை ஆன்டெனா, 2.4 மட்டும். 54 என்று நின்றால் ரூட்டரில் பழைய டபிள்யூஇபி அல்லது டிகேஐபி பூட்டு இருக்கிறது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்-க்கு மாற்றினாலே ஏறிவிடும்.

லிங்க் ஸ்பீடு நன்றாக இருந்தும் இறங்கவில்லையா? விபிஎன் ஓடுகிறதா, பேட்டரி சேமிப்பு மோடு போட்டிருக்கிறதா பாருங்கள். யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 அலைவரிசையிலேயே இரைச்சல் எழுப்பும். அதைக் கழற்றிவிட்டு அளந்தால் வித்தியாசம் தெரியும். பழைய பென்டிரைவில் நேரடியாகச் சேமித்தால் எழுதும் வேகமே 5 மெகாபைட் இருக்கும், அதற்கு நெட் என்ன செய்யும்.

14. பையன் போட்டோ பேக்கப் போட்டான்னா என் டவுன்லோடு நின்னுபோகுது. அவன் ஏத்துறான், நான் இறக்குறேன், ரெண்டும் வேறதானே?

வேறுதான், ஆனால் ஒன்றை ஒன்று நம்பியிருக்கிறது. இறங்கும் ஒவ்வொரு சில பாக்கெட்டுக்கும் உங்கள் கணினி 'வந்து சேர்ந்தது' என்று மேலே சீட்டு அனுப்ப வேண்டும். சீட்டு போனால்தான் சர்வர் அடுத்ததை அனுப்பும். பேக்கப் அப்லோடு வழியை அடைத்துக்கொண்டால் உங்கள் சீட்டுகள் ரூட்டருக்குள் வரிசையில் காத்துக் கிடக்கும். அப்லோடு குறைவாகத் தரும் திட்டங்களில் இது பளிச்சென்று தெரியும்.

பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள், அல்லது ரூட்டரில் க்யூஓஎஸ் (வேகத்தைப் பங்கு போடும் வசதி) இருந்தால் அப்லோடு வரம்பை அளந்த வேகத்தில் 85 சதவீதமாக வையுங்கள். இன்னொன்று: சிக்னல் செத்த அறையில் ஒரே ஒரு பழைய போன் வீடியோ ஓட்டினாலும், மெதுவாகப் பேசும் அது காற்று நேரத்தை விழுங்கி எல்லோரையும் இழுக்கும்.

15. கரண்ட் போய் வந்தா கொஞ்ச நேரம் 5 காணோம், வேகமும் இல்ல.

7-ம் கேள்வியின் ரேடார் சேனல் காத்திருப்பு. அல்லது மின்னழுத்தம் குறைந்து பெட்டி திரும்பத் திரும்ப அணைந்து எழுகிறது. அடாப்டர்களில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போடுங்கள். இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டி அதற்கு மேல் தரக்கூடியதாக வாங்குங்கள்.

16. கம்பியிலயும் ஸ்லோ. லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுது. ஃபைபர் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

உயிர் இருக்கிறது என்றுதான் அர்த்தம், ஆரோக்கியம் தெரியாது. ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை கவலையில்லை. மைனஸ் 27-ஐ நெருங்கினால் பாக்கெட்டுகள் சிதைந்து திரும்பத் திரும்ப அனுப்பப்படும். விளக்கு பச்சையாகவே எரியும், வேகம் மட்டும் போகும். 3 எண் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை.

காய்ந்த நாளில் மைனஸ் 21, மழை நாளில் மைனஸ் 26 என்றால் வெளியே ஒரு இணைப்பு நனைகிறது, அல்லது குரங்கு ஊஞ்சலாடி வயர் தொய்ந்து எங்கோ மடங்கியிருக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியது: மூலை மடிப்புகளை எடுப்பது, பச்சை முனையைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட நார் உதிராத துணியால் ஒருமுறை துடைத்து மாட்டுவது. முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கெடுதல் தெரியும்.

17. டிஎன்எஸ் மாத்துனா, பூஸ்டர் ஆப் போட்டா, ஆன்டெனாவுல அலுமினிய ஃபாயில் சுத்துனா?

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தருவது. அதை மாற்றினால் பக்கம் திறக்கும் முதல் நொடி சுருங்கலாம், ஃபைல் இறங்குவதை வேகமாக்காது. பூஸ்டர் ஆப் விளம்பரத்தை மட்டும் வேகமாக்கும். ஃபாயிலை ஆன்டெனாவில் சுற்றினால் சிக்னல் குறையும், சப்பாத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

18. பெரிய ஃபைலு 80 பர்சென்ட்ல அறுந்து முதல்ல இருந்து ஆரம்பிக்குது.

எப்போதும் 4 ஜிபி அளவில் நின்றால் நெட் காரணமே இல்லை. பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் உட்காராது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள்.

வேறு வேறு இடத்தில் அறுந்தால் லேப்டாப் தூங்கப் போகிறதா, 15-ம் கேள்வியின் கரண்ட் தொல்லையா என்று பாருங்கள். அறுந்த இடத்திலிருந்து தொடர டவுன்லோடு மேனேஜர் போதும், சர்வர் அனுமதித்தால். சில தளங்களின் லிங்க் சில மணி நேரத்தில் காலாவதியாகும். அப்போது புது லிங்க்கை எடுத்து மேனேஜரில் பழைய டவுன்லோடின் முகவரியை மாற்றினால் 80-லிருந்தே தொடரும்.

19. வீட்டுக்குள்ளேயே லேப்டாப்ல இருந்து போனுக்கு ஒரு படம் அனுப்பறேன். நெட்டே தேவையில்லல்ல, அது ஏன் ஸ்லோ?

நெட் தேவையில்லை, காற்று தேவை. லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒருமுறை, ரூட்டரிலிருந்து போனுக்கு ஒருமுறை. 8-ம் கேள்வியின் ரிப்பீட்டர் கதையேதான், வேகம் பாதி. இரண்டில் ஒன்றை, குறிப்பாக லேப்டாப்பை, கம்பியில் மாட்டினால் இரட்டிப்பாகும். இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

20. எல்லாம் பாத்துட்டேன், வெளிக்குறைதான். கம்ப்ளைண்ட் பண்ணா 'ரீஸ்டார்ட் பண்ணுங்க'ன்னே சொல்றாங்க.

'நெட் ஸ்லோ' என்று சொன்னால் அந்தப் பதில்தான் வரும். எண்ணாகச் சொல்லுங்கள்: 'லேன் கேபிளில், வைஃபை அணைத்து, 7 நாள், காலை 6-க்கு 95, இரவு 9-க்கு 14, ஆப்டிகல் பவர் மைனஸ் 26'. முதல் இரண்டு எண்ணும் நெரிசலைக் காட்டுகின்றன, கடைசி எண் லைன்மேனை வண்டியேற வைக்கும். புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்த நாளுக்குள் தீராவிட்டால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி பெரிய நிறுவனங்களில் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. அவர் விவரம் நிறுவனத்தின் தளத்தில் இருக்க வேண்டும், முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. லைன்மேன் வரும்போது மழையாக இருந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். மைனஸ் 26 காட்டுவது அப்போதுதான். வெயில் அடித்ததும் 21-க்குத் திரும்பிவிடும், அவரும் 'எல்லாம் சரியா இருக்கு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.